செம்மறியின் இரைப்பையும் கோடைக்காலத் தீவனமும்

காலபோக நெல் அறுவடையாகிச் சூடு மிதித்த பின்னர் யாழ்ப்பாணத்துக் கமக்காரரின் வளவில் வைக்கோலுக்குக் குறைவில்லை. ஆனால் சோளகம் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தரவைப் புல் கருகிப் போக, வைக்கோலையே வயிறு நிறையத் தின்னும் செம்மறிகள் விலாவெலும்பு தெரிய மெலிகின்றன. மெலிந்த மறியின் மடியிற் பால் வற்றுகின்றது, குட்டி தேறுவதில்லை. எஞ்சியவை அற்ப விலைக்குப் போய்விட, பட்டியிலிருந்து தோட்டத்திற்கு வரும் எருவும் குறைகின்றது.

வயிறு நிறைந்தும் உடல் மெலிவதேன்? செம்மறி இரைமீட்கும் பிராணி. அதன் இரைப்பையின் நான்கு அறைகளுள் மிகப் பெரியதான முதலறை, புளிக்கவைக்கும் தாழியை ஒத்தது. தீவனத்தின் நாரைச் சிதைப்பவை அங்கு வாழும் நுண்ணங்கிகளே. அவற்றிற்கு நைதரசன் வேண்டும். தீவனத்தின் உலர்நிறையில் நூற்றுக்கு 7 பங்களவு புரதம் இல்லையாயின் அவை சோர்ந்துவிடும். வைக்கோலில் உள்ளதோ 3 முதல் 5 பங்கு மாத்திரமே. ஆகவே அது சிதையாது நெடுநேரம் தங்குகின்றது. இரைப்பை காலியாகாமையால் ஆடு மேலும் தின்பதில்லை.

ஒரு தீவனம் எவ்வளவு சிதையும் என்பதை ஆராய்ச்சியாளர் எளிய முறையொன்றால் அறிகின்றனர். உலர்த்தி அரைத்த தீவனத்தை நிறுத்து, நுண்துளைகளுள்ள நைலோன் பையிலிட்டு, ஆட்டின் விலாப்புறத்திற் பொருத்திய குழாய் வழியாக முதலறையுள் இறக்குவர். குறித்த மணிநேரத்தின் பின் எடுத்துக் கழுவி, உலர்த்தி, மீண்டும் நிறுப்பர். 5 கிராம் இட்ட பையில் 2 கிராம் எஞ்சினால், நூற்றுக்கு 60 பங்கு சிதைந்ததாகும். வைக்கோலில் 48 மணிநேரத்தின் பின்னும் பாதியளவோ அதற்கு மேலோ எஞ்சுவதுண்டு. கிளிசிரிடியா இலை அதனினும் மிக விரைவாகச் சிதையும்.

வேலிக் கதிகாலாக நிற்கும் இக்கிளிசிரிடியாவின் இலையில், உலர்நிறையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறையாத புரதம் உண்டு. இதனை வைக்கோலுடன் கொடுக்கும்போது, நுண்ணங்கிகள் பெருகி அந்த வைக்கோலையும் நன்கு சிதைக்கின்றன. இதுவே கவனிக்கத்தக்கது.

20 கிலோ நிறையுள்ள செம்மறி நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 கிராம் உலர்தீவனம் தின்னும். அதில் மூன்றிலொரு பங்கு குழையாயிருத்தல் நன்று. பச்சையாக நிறுத்தால் அது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகும். மணம் பிடியாமல் ஆடுகள் முதலில் முகந்திருப்பினும், ஓரிரவு வாடவிட்டு, சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்தால் இரண்டு வாரத்திற் பழகிவிடும்.

இப்பிலிப்பில் குழையும் சத்துள்ளதே; எனினும் அதிலுள்ள மிமோசின் என்னும் நஞ்சு மிகுந்தால் மயிர் உதிரும். ஆகவே மூன்றிலொரு பங்கைத் தாண்டலாகாது. வேல் இன மரங்களின் குழையில் துவர்ப்புப் பொருள் மிகுதி. அது புரதத்தைப் பிணித்து நுண்ணங்கிகளுக்கு எட்டாதபடி செய்யும். எனவே அதன் புரத அளவை மட்டும் நம்பி அதனையே தீவனமாக்குதல் தவறு. பனையோலை வயிற்றை நிரப்புமேயன்றி, வைக்கோலின் குறையைத் தீர்க்காது.

வெட்டாது விட்ட கிளிசிரிடியா கோடையில் இலையுதிர்த்துப் பூக்கும். மாரி முடியுந் தறுவாயில் ஒருமுறை கிளைகளைத் தறித்துவிட்டால், புதிதாய்த் தளிர்த்த இலை வறட்சியிலும் நிற்கும். அக்கிளைகளுள் நேரானவற்றை வேலியின் இடைவெளிகளிற் கதிகாலாக நடலாம்.