மலையேறும்முன் தங்கும் ஊரைத் தேர்ந்தெடுப்போம்



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் தோட்டத்து வீடுகளில் எழும் பேச்சுகளில் ஒன்று, "கேமரன் மலைக்கு ஒரு முறை போய் வரலாமா?" என்பது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடிப்பார்கள். சிலர் சொந்தக் காடியிலேயே புறப்படுவார்கள். எந்தத் தேயிலைத் தோட்டத்தைப் பார்ப்பது, எந்தச் சந்தையில் காய்கறி வாங்குவது என்று நெடுநேரம் பேசுவோம். எந்த ஊரில் தங்குவது என்ற கேள்வியை மட்டும், "எங்கே மலிவோ அங்கே" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம்.

உண்மையில் முதலில் முடிவு செய்ய வேண்டியது அந்தக் கேள்வியைத்தான். தங்கும் ஊர் சரியாக அமைந்தால் எண்ணெய்ச் செலவு குறையும். குழந்தைகளும் முதியவர்களும் களைப்படைய மாட்டார்கள். இருட்டில் மலைச்சாலையில் காடி ஓட்ட வேண்டிய நிலை வராது. ஆண்டு முழுவதும் சேர்த்த பணத்தில் போகும் பயணம் இது. ஆகவே அந்த ஊரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் கேமரன் மலையின் அமைப்பை அறிந்துகொள்வோம். இது பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பேராக், கிளந்தான் மாநிலங்களை ஒட்டி இருக்கிறது. 1885-ஆம் ஆண்டில் இப்பகுதியை ஆராய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரே இதற்கு வழங்குகிறது. தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1930-களின் தொடக்கத்தில் நிறைவு பெற்றது. அதற்குச் சற்று முன்பே, 1929-இல், போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. காட்டைத் திருத்தி, சரிவுகளில் தேயிலைக் கன்றுகளை நட்டு, கொழுந்து பறித்தவர்களில் பெரும்பங்கினர் நம் தமிழ்த் தொழிலாளர்கள். இன்று அங்கே பிற நாட்டுத் தொழிலாளர்களும் வேலை செய்கிறார்கள். நாம் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பச்சைச் சரிவுகளில் நம் முன்னோரின் உழைப்பும் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

மலைமேல் உள்ள முக்கிய ஊர்கள் ஒரே நூலில் கோத்த மணிகளைப் போல் அமைந்திருக்கின்றன. தெற்கே ரிங்லெட், அதற்கு மேலே தானா ராத்தா, அடுத்து பிரிஞ்சாங், பிறகு திரிங்காப், வடக்கே கம்போங் ராஜா. ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை சுமார் 40 கிலோமீட்டர். இவற்றை இணைப்பது ஒரே சாலைதான். அந்தச் சாலையில் ஓர் இடத்தில் காடிகள் தேங்கினால் சுற்றிப் போக எளிதான வேறு வழி கிடையாது. பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் பிரிஞ்சாங்குக்கும் திரிங்காப்புக்கும் இடைப்பட்ட காய்கறிச் சந்தைப் பகுதியில் காடிகள் ஊர்ந்துதான் போகும். ஆகவே இந்த நூலின் எந்த மணியில் நாம் தங்குகிறோம் என்பது மிக முக்கியம்.

இனி, மலையின் வானிலையைப் பார்ப்போம். நாம் 100 மீட்டர் மேலே ஏறும்போது வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை செல்சியஸ் குறைகிறது. தாப்பாவில் 32 பாகை இருந்தால், சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவில் 23 பாகை அளவில் இருக்கும். 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் மலையுச்சியில் இன்னும் குளிரும். இரவில் தானா ராத்தாவிலேயே 15 பாகை அளவுக்கு இறங்கிவிடும். தோட்டத்து வெப்பத்தில் பழகிய முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இது கடுங்குளிர். கம்பளியும் காலுறையும் கட்டாயம் வேண்டும்.

மழைக்கும் ஒரு போக்கு உண்டு. காலையில் வெயில் பட்டுச் சரிவுகள் சூடேறுகின்றன. ஈரக் காற்று மேலெழுந்து குளிர்ந்து மேகமாகிறது. பிற்பகலில் அது மழையாகப் பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. பிற்பகல் மழைக்குப் பிறகு மூடுபனி இறங்கும். சில வேளைகளில் மண் சரியும். எனவே மலையில் நமக்குக் கிடைக்கும் நல்ல நேரம் விடியற்காலை தொடங்கி நண்பகல் வரைதான். அந்த நேரத்தைச் சாலையில் கழிக்காமல், பார்க்க வந்த இடத்தில் கழிக்க வைக்கும் ஊரே நாம் தங்க வேண்டிய ஊர்.

இந்த அளவுகோலைக் கொண்டு ஊர்களை ஒவ்வொன்றாக எடைபோடுவோம்.

ரிங்லெட், தாப்பாவிலிருந்து வருவோர் முதலில் அடையும் ஊர். இங்கே கூட்டம் குறைவு. ரிங்லெட் ஏரியும் அணைக்கட்டும் அருகில் இருக்கின்றன. ஆனால் பிரிஞ்சாங் மலையைப் பார்க்க நினைத்தால் நாள்தோறும் மற்ற ஊர்களைக் கடந்து மேலேறி, அதே நெரிசலில் திரும்ப வேண்டும்.

கம்போங் ராஜா, ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயிலிருந்து வருவோருக்கு வாசல். லோஜிங், குவா மூசாங் பக்கம் போக நினைப்பவர்களுக்கும் வசதியான இடம். ஆயினும் தெற்கே உள்ள பாரத் தேயிலைத் தோட்டத்தையும் ரிங்லெட் ஏரியையும் காண, சந்தைப் பகுதியின் நெரிசலை இரண்டு முறை கடக்க வேண்டும்.

பிரிஞ்சாங், தானா ராத்தாவைவிடச் சற்று உயரமானது. விடுதிகள் நிறைய உண்டு. ஸ்ட்ராபெரித் தோட்டங்களும் காய்கறிச் சந்தைகளும் பக்கம். ஒரே இரவு தங்கி, காலையில் மலையுச்சியும் தேயிலைத் தோட்டமும் பார்த்துத் திரும்புவோருக்கு இது ஏற்றது. ஆனால் கூட்ட நாளில் இங்கே காடி நிறுத்த இடம் கிடைப்பது அரிது.

தானா ராத்தா இவற்றின் நடுவே அமைந்தது. ரிங்லெட் சுமார் 13 கிலோமீட்டர், கம்போங் ராஜா சுமார் 25 கிலோமீட்டர். எந்தத் திசையில் போனாலும் போக வர 50 கிலோமீட்டர் அளவில் அன்றைய பயணம் முடிந்துவிடும். ரிங்லெட்டில் தங்கிக் கம்போங் ராஜா வரை போய் வந்தால் 80 கிலோமீட்டர் ஆகும். மலைச்சாலையில் 30 கிலோமீட்டர் மிச்சம் என்பது சமவெளியில் 30 கிலோமீட்டர் மிச்சம் போன்றதன்று. நெரிசல் நாளில் அது அரை நாளை மிச்சப்படுத்தும். மேலும் மாவட்ட மருத்துவமனை, காவல் நிலையம், பேருந்து நிலையம், நம்மவர் உணவுக் கடைகள் ஆகியவை இங்கே இருக்கின்றன. காடி ஓட்டியவர் களைத்துப் போனால், பாரிட் நீர்வீழ்ச்சி போன்ற பக்கத்து இடங்களுக்கு நடந்தே போகலாம். இரண்டு இரவு தங்கும் குடும்பத்துக்கு, அதிலும் முதியவரும் குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு, தானா ராத்தாவே ஏற்றது என்பது நம் முடிவு.

ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் ஊரில் தங்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அப்படிச் செய்தால் காலை நேரம் மூட்டை கட்டுவதிலும் பிற்பகல் அறை தேடுவதிலும் போய்விடும். நல்ல நேரம் காலைதான் என்று முன்பே கண்டோம். ஒரே ஊரில் தங்கி, காலையில் வெறுங்கையோடு புறப்படுவதே மேல்.

அறையை உறுதி செய்யும்முன் நான்கு கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். காடி நிறுத்த இடம் உண்டா? பெரிய சாலையிலிருந்து அறைக்கு ஏறும் வழி செங்குத்தானதா? முதியவர்கள் எத்தனை படி ஏற வேண்டும்? வெந்நீர் உண்டா? மலிவான அறை ஊருக்கு வெளியே, செங்குத்துச் சரிவின் மேல் இருந்தால், மிச்சமான வெள்ளி எண்ணெய்க்கே போய்விடும்.

இப்போது நாட்களைப் பிரித்துக்கொள்வோம். முதல் நாள் வடக்கே போகலாம். காலை ஏழு மணிக்கெல்லாம் புறப்பட்டு, பிரிஞ்சாங்கைக் கடந்து, சுங்கை பாலாஸ் போ தேயிலைத் தோட்டத்துக்குக் கிளைச்சாலையில் திரும்ப வேண்டும். பிரிஞ்சாங் மலையுச்சிக்கும் அந்தப் பக்கமே வழி. சாலை ஒடுக்கமானது, எதிரே காடி வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். பெரிய வேனில் போனவர்கள், உச்சிக்கு உள்ளூர் ஓட்டுநர்களின் மலைக்காடியை வாடகைக்கு எடுப்பது நல்லது. தோட்டத்தின் பார்வையாளர் நிலையம் வாரத்தில் எந்த நாள் மூடியிருக்கும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். நண்பகலுக்குள் இறங்கி, திரும்பும் வழியில் சந்தையில் காய்கறி வாங்கலாம்.

இரண்டாம் நாள் தெற்கே. பாரத் தேயிலைத் தோட்டம் சாலையோரத்திலேயே இருக்கிறது. முதியவர்கள் நடக்காமலேயே பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். பிறகு ரிங்லெட் ஏரி. மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணை 1963-இல் நிறைவுற்றது. சரிவுகளில் காடுகளை வெட்டிப் பயிரிட்டதால் மண் அரித்து வந்து ஏரியில் படிந்தது; நீர் தேங்கும் இடம் குறைந்தது. 2013 அக்டோபரில் பெருமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் பலியாயின. மலிவான காய்கறிக்கும் அந்தச் சேற்றுக்கும் தொடர்பு உண்டு என்பதைப் பிள்ளைகள் நேரில் கண்டு தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாம் நாள் வீடு திரும்புவது. இறங்குவதற்கு முக்கியமாக இரண்டு சாலைகள். தாப்பா சாலை பழையது, ஒடுக்கமானது, ஓயாமல் வளைவது. தானா ராத்தாவிலிருந்து தாப்பா சுமார் 60 கிலோமீட்டர். வழியில் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியில் இளைப்பாறலாம். சிம்பாங் பூலாய் சாலை புதியது, அகலமானது. குழந்தைகளுக்குத் தலைசுற்றல் குறைவு. ஆனால் அகலமான சாலை வேகத்தை வரவழைக்கும். 2010 டிசம்பர் 20-ஆம் நாள் அந்தச் சாலையில் இறங்கிக்கொண்டிருந்த சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அகலமான சாலை என்பதால் மட்டும் அது ஆபத்தில்லாத சாலை ஆகிவிடாது.

இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் மிதித்துக்கொண்டே வந்தால் உராய்வினால் அது சூடேறும். மிகவும் சூடேறிய பிரேக் பிடிக்காது. எனவே இறக்கம் தொடங்கும்முன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றி, இயந்திரமே காடியின் வேகத்தைத் தடுக்கும்படி செய்ய வேண்டும். தானியங்கிக் கியர் உள்ள காடிகளிலும் இதற்கான வசதி உண்டு. எரிந்த வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பிரேக் நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். மூடுபனியில் விளக்கைத் தாழ்த்தியே எரிக்க வேண்டும். உயர்த்தினால் ஒளி பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசவைக்கும்.

வளைவுகளில் குழந்தைகள் வாந்தி எடுப்பதற்கும் காரணம் உண்டு. காதினுள் உள்ள சமநிலை உறுப்பு உடல் அசைவதை உணர்த்துகிறது. மடியில் உள்ள கைப்பேசியைப் பார்க்கும் கண்ணோ அசைவு இல்லை என்கிறது. இந்த முரண்பாடே தலைசுற்றலாகிறது. கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, தொலைவில் உள்ள சாலையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். புறப்படும்முன் வயிறு நிறைய உணவு கொடுக்கக் கூடாது.

கைப்பேசியில் வழி பார்த்துப் போகலாம் என்று முழுதும் நம்பிவிட வேண்டாம். மலையில் சில இடங்களில் தொடர்பு கிடைக்காது. தங்கும் விடுதியின் எண்ணையும் வீட்டார் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் காடியில் வைத்துக்கொள்வோம். அவசர உதவிக்கு 999.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். பார்க்க விரும்பும் இடங்களை முதலில் எழுதுங்கள். அவற்றின் நடுவே உள்ள ஊரைக் கண்டுபிடியுங்கள். அங்கே மருத்துவ உதவியும் உணவும் உண்டா என்று பாருங்கள். அதன் பிறகு அறை வாடகையைக் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே திசையில் போய், மழைக்கு முன் திரும்புங்கள். கேமரன் மலைக்கு மட்டுமன்று, எந்த மலைநாட்டுக்குப் போனாலும் இந்த வரிசை பொருந்தும். வேனுக்கு முன்பணம் கொடுக்கும்முன் குடும்பத்தோடு ஒரு மாலை உட்கார்ந்து, நிலப்படத்தை விரித்து இதைப் பேசி முடிவு செய்யுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் அந்த நிலப்படத்தைக் கொடுத்து, தூரத்தைக் கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள்.