தைலம் தேய்க்கத்தான், குடிக்க அல்ல

தோட்டத்து லயங்களில் தைலப் போத்தல் இல்லாத வீட்டைப் பார்ப்பது அரிது. மழையில் நனைந்தால் தைலம், தலை கனத்தால் தைலம், பிள்ளைக்கு மூக்கடைத்தால் அதற்கும் தைலம். "ரெண்டு சொட்டு தேய்ச்சுவிடு, சரியாப் போயிடும்" என்பது நம் பெரியவர்களின் வைத்தியம். அது எங்கிருந்து வந்தது, எதுவரை உதவும் என்று நாம் தெரிந்துகொள்வது நல்லது.

யூகலிப்டஸ் மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. அங்குள்ள பூர்வகுடி மக்கள் அதன் இலையைக் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் பயன்படுத்தினார்கள். 1788இல் கைதிகளோடு சிட்னிக்கு வந்த தலைமை வைத்தியர் ஜான் வைட், இலையிலிருந்து இறக்கிய எண்ணெயை வயிற்று வலிக்குக் கொடுத்தார். 1852இல் ஜோசப் பொசிஸ்தோ என்ற மருந்துக்கடைக்காரர் மெல்பர்ன் அருகே அதை வியாபாரமாக வடிக்கத் தொடங்கினார்.

நீலகிரி மலையில் வெள்ளையர்கள் 1843இல் இந்த மரத்தை நட்டது விறகுக்காக. பிறகு அங்கேயும் தைலம் வடித்தார்கள். அதனால்தான் நம்மவர் வாயில் அது 'நீலகிரித் தைலம்'.

இதன் வீரியம் சினியோல் என்ற பொருளில் இருக்கிறது. சளி பிடித்த பெரியவர்களுக்கு அதன் வாசம் மூச்சுக்கு இதமாக இருக்கும். தேங்காயெண்ணெயில் கலந்து தேய்த்தால் உடம்பு வலிக்குச் சுகம்.

ஆனால், ஜான் வைட் செய்ததுபோல் உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. ஒரு தேக்கரண்டி தைலம் போதும், சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ தடவாதீர்கள், மூச்சுத் திணறும். போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், அடுப்பு, விளக்குப் பக்கம் இல்லாமல் வையுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். தைலம் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 999க்கு அழையுங்கள். போத்தலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று தோழர்களே. தைலம் சுகம் தரும், காய்ச்சலைத் தீர்க்காது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு காய்ச்சலோடு பிரட்டுக்குப் போக வேண்டியதில்லை. டாக்டரைப் பார்த்து எம்.சி. வாங்குங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். யாரும் போடும் பிச்சையல்ல, நம் உரிமை. கேட்டு வாங்குவோம்.