வேதாளத்துக்கு உருவம் கொடுத்தவர்
ஓவியர் சங்கர் (1924–2020)

தோளில் வேதாளம் புகுந்த பிணம், கையில் வாள், சுற்றிலும் சுடுகாடு. ‘அம்புலிமாமா’ சிறுவர் இதழைப் படித்து வளர்ந்தவர்களுக்கு விக்கிரமாதித்தன் என்றாலே இந்தப் படம்தான். வரைந்தவர் நம் கொங்கு மண்ணின் கே. சி. சிவசங்கரன் என்ற சங்கர். தாராபுரத்துக்குப் பக்கத்திலுள்ள காரத்தொழுவு அவர் பிறந்த ஊர்.

சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, 1946-இல் ‘கலைமகள்’ இதழில் சேர்ந்தார். 1952-இல் அம்புலிமாமாவுக்கு வந்தவர், ஏறத்தாழ 60 ஆண்டுகள் அங்கேயே வரைந்தார். தமிழ், தெலுங்கு, இந்தி என எந்த மொழிப் பதிப்பானாலும் படம் ஒன்றே. ஆகவே மன்னனின் மீசையும் வேதாளத்தின் விரித்த தலைமுடியும் இந்தியா முழுக்க ஒன்றுபோலவே பதிந்தன.

இதே காலத்தில் ஜப்பானில் ‘மாங்கா’ எனும் படக்கதைகளை வரைந்த தெசுகா ஒசாமு (1928–1989) கதையையும் தாமே எழுதினார், பெரும்புகழ் பெற்றார். சங்கரோ மாதச் சம்பளக்காரர். படத்தின் ஓரத்தில் சிறிதாக ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அந்தக் கையெழுத்தைத் தேடிப் பாருங்கள்.

பத்மஸ்ரீ விருது 2021-இல் அறிவிக்கப்பட்டது, அவர் மறைந்த பிறகு.