குலுக்காம கொடுக்காதீங்க!

குழந்தைக்கு மருந்து ஊற்றும் அவசரத்தில் பாட்டிலைக் குலுக்க மறந்துடறீங்களா? கவனம்!

தண்ணீரில் உப்பைப் போட்டால் முழுசாகக் கரைந்து, எந்தச் சொட்டும் ஒரே மாதிரி கரிக்கும். இது ஒருபடித்தான கலவை, அதாவது கரைசல். ஓ.ஆர்.எஸ். இந்த ரகம். சாக்பீஸ் தூளைக் கலக்கினாலோ, கொஞ்ச நேரத்தில் அடியில் தங்கிவிடும். இது பலபடித்தான கலவை. லேபிளில் 'சஸ்பென்ஷன்' என்று போட்டிருக்கிறதே, அந்த மருந்துகள் இப்படித்தான். பவுடரில் தண்ணீர் ஊற்றிக் கலக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பும் இதே வகை.

குலுக்காமல் ஊற்றினால் முதல் சில வேளை மருந்து குறைவாகப் போகும், நோய் அடங்காது. கடைசி வேளைகளில் அளவு மீறிவிடும். அதனால் ஒவ்வொரு வேளையும் நன்றாகக் குலுக்கி, பாட்டிலோடு வரும் அளவு மூடியில் ஊற்றிக் கொடுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாமே!