விகிதத்தைவிட ஆண்டுகளே பெரிது

கூட்டு வட்டியின் பலன் பெரும்பாலும் கடைசி ஆண்டுகளில்தான் வருகிறது. பொது வருங்கால வைப்பு நிதியில் ஆண்டுத் தொடக்கத்தில் 50,000 ரூபாய் கட்டுகிறார் ஒருவர். 2020 ஏப்ரலில் நிர்ணயித்த 7.1 சதவீத வட்டி மாறவில்லை என்று கொள்வோம். 15 ஆண்டில் கட்டிய ஏழரை லட்சத்துக்கு வட்டி சுமார் 6 லட்சம். கணக்கை இருமுறை, ஐந்தைந்து ஆண்டு நீட்டித்துத் தொடர்ந்து கட்டினால், அடுத்த பத்தாண்டில் கட்டும் 5 லட்சத்துடன் சேரும் வட்டி ஏறத்தாழ 16 லட்சம். மொத்தம் சுமார் 34 லட்சம். பாதியில் எடுப்பவருக்கு இந்தப் பெரிய பங்குதான் கைநழுவும்.

விலைவாசி இதை விழுங்கிவிடாதா என்பது நியாயமான கேள்வி. ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால், 25 ஆண்டு கழித்து அந்த 34 லட்சத்தின் வாங்கும் சக்தி இன்றைய 8 லட்சத்துக்குச் சமம். அதனால்தான் நீண்டகாலச் சேமிப்பில் ஒரு பகுதியைப் பங்குச்சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொல்கிறார்கள். அங்கே லாபத்துக்கு உத்தரவாதமில்லை. செலவுக்கும் கூட்டுக் கணக்கு உண்டு. 1 லட்சம் ரூபாய் 30 ஆண்டில் 10 சதவீத வளர்ச்சியில் 17.4 லட்சமாகும், கட்டணமாக 1 சதவீதம் போனால் 13.3 லட்சம்தான். முகவர் கமிஷன் இல்லாத நேரடித் திட்டம் 2013 ஜனவரி முதல் இருக்கிறது. ஆலோசனை தேவைப்படுபவர் முகவர் வழியே போகலாம். ஆனால் என்ன விலை கொடுக்கிறோம் என்று கேட்டறிவது அவர் உரிமை.

காத்திருக்க முடியாதவர்களைத்தான் மோசடிக்காரர்கள் குறிவைக்கிறார்கள். மாதம் 10 சதவீதம் என்ற வாக்குறுதியைக் கூட்டு வட்டியிலேயே போட்டுப் பாருங்கள்: 1 லட்சம் பத்தாண்டில் 900 கோடியைத் தாண்டும். எந்தத் தொழிலும் அப்படி ஈட்டாது. முதல் சில மாதங்கள் பணம் ஒழுங்காக வருவதும் நிரூபணமல்ல, புதிதாகச் சேர்ந்தவர் பணத்தையே எடுத்துத் தர முடியும். அனுமதியின்றி டெபாசிட் திரட்டுவதை 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. தமிழ்நாட்டில் ஏமாந்தவர்கள் ரசீது, ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரத்துடன் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் தரலாம். நிறுவனத்தின் சொத்தை முடக்கி விற்றுப் பணத்தைத் திருப்பித் தர 1997-ஆம் ஆண்டின் டான்பிட் சட்டம் வழி செய்கிறது. முடக்கச் சொத்து மிஞ்சியிருக்க வேண்டும் என்பதால் புகார் தரத் தாமதிக்கக் கூடாது. பதிவுபெற்ற ஃபண்ட் நிறுவனத்தின் மீதான குறையை முதலில் அந்நிறுவனத்திடமும், தீராவிட்டால் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஸ்கோர்ஸ் இணையதளத்திலும் பதியலாம். நிறுவனம் 21 நாளுக்குள் நடவடிக்கை எடுத்து அறிக்கை தர வேண்டும். பணம் போடும் முன்பே செபி இணையதளத்தில் பதிவு எண்ணைச் சரிபார்த்துவிட்டால் இந்தப் படிகளில் பலவற்றை ஏறவே வேண்டியிராது.