பிடதி போகும் நாளில் குழந்தை எங்கே தூங்கும்?

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துத் தொழிலாளர் குடும்பங்கள் விடுமுறையில் எளிதாகச் சென்றுவரக்கூடிய பெரிய தீம் பார்க், அதாவது ராட்டினங்களும் நீர் விளையாட்டுகளும் ஒரே வளாகத்தில் அமைந்த கட்டணப் பூங்கா, மாநில எல்லைக்கு அப்பால் மைசூரு சாலையில் பிடதிக்கு அருகே 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வொண்டர்லா ஆகும். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக எலெக்ட்ரானிக் சிட்டி வரை சென்று, அங்கே பெங்களூரைச் சுற்றிச் செல்லும் நைஸ் சாலையில் ஏறி மைசூரு சாலையைப் பிடித்தால் ஒருவழித் தொலைவு அறுபது கிலோமீட்டருக்குக் குறையாது. கிருஷ்ணகிரியிலிருந்து புறப்படுவோருக்கு அது நூறைத் தாண்டிவிடும். இரவு தங்காமல் ஒரே நாளில் போய்த் திரும்பும் இந்தப் பயணத்துக்கு வண்டி, சாப்பாடு, மாற்றுத் துணி, நுழைவுச் சீட்டு என எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிடும் குடும்பங்கள், கூட வரும் இரண்டு வயதுக் குழந்தை பகலில் எங்கே, எத்தனை மணிக்குத் தூங்கும் என்பதை மட்டும் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

இந்தக் கேள்விக்கு வெளிநாட்டுப் பயணக் கையேடுகள் தரும் விடை நம் சூழலுக்கு ஒத்துவராது. அமெரிக்காவின் அனஹைம் நகரில் 1955இல் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்ட பின் அத்தகைய பூங்காக்களைச் சுற்றி விடுதிகள் பெருகின. காலையில் பூங்கா, நண்பகலில் விடுதி அறையில் குழந்தைக்கு உறக்கம், மாலையில் மீண்டும் பூங்கா என்னும் முறையே அங்கு எல்லோருக்கும் சொல்லப்படும் அறிவுரை. பிடதிப் பூங்காவை ஒட்டியும் அந்நிறுவனமே 2012 முதல் ஒரு விடுதியை நடத்திவருகிறது என்றாலும், மறுநாள் காலை 6 மணி ஷிப்டுக்குத் திரும்ப வேண்டிய ஒருவர் மதியத் தூக்கத்துக்காக மட்டும் அறை எடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே அறை இல்லாத ஒரு நாளில் தூக்கத்தை எங்கே பொருத்துவது என்பதுதான் இங்குள்ள சிக்கல்.

இதற்கு விடை காண, குழந்தைக்குத் தூக்கம் எப்படி வருகிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் முன்வைத்த விளக்கத்தின்படி, தூக்கத்தை இரண்டு செயல்முறைகள் ஆள்கின்றன: ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் சேர்ந்துகொண்டே போகும் தூக்க அழுத்தம், மற்றொன்று, வெளிச்சத்தையும் இருட்டையும் ஒட்டி நாளொன்றுக்கு ஒரு சுற்று ஓடும் உடற்கடிகாரம். தூக்க அழுத்தத்துக்குக் காரணமான பொருள்களுள் முக்கியமானது அடினோசின். மூளை செல்கள் ஆற்றலைச் செலவிடும்போது மிஞ்சும் வேதிப்பொருளான இது, தூங்கும்போது குறைகிறது. பெரியவர்களிடம் இந்த அழுத்தம் மெதுவாக ஏறுவதால் இரவு வரை தாக்குப்பிடிக்க முடிகிறது. சிறு குழந்தைகளிடம் அது வேகமாக ஏறி நடுப்பகலிலேயே எல்லையைத் தொட்டுவிடுவதால், பகல் தூக்கம் அவர்களுக்கு உடலின் தேவையாகிறது. இந்தியா உட்பட 17 நாடுகளையும் பகுதிகளையும் ஒப்பிட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஆசியக் குழந்தைகள் இரவில் தாமதமாகப் படுக்கைக்குச் செல்வது தெளிவாகத் தெரிந்தது. பகல் தூக்கத்தின் அளவிலோ நாட்டுக்கு நாடு அவ்வளவு பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் வேண்டும். பகல் தூக்கம் எந்த வயதில் நிற்கிறது என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் ஆராய்ந்தபோது, இரண்டு வயதுக்கு முன் அதை விடும் குழந்தைகள் 2.5 சதவீதத்துக்கும் குறைவு என்றும், ஐந்து வயதுக்குள் 94 சதவீதக் குழந்தைகள் விட்டுவிடுகின்றன என்றும் தெரியவந்தது. இரண்டுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட பருவம்தான் குழப்பமானது: ஒரு நாள் தூங்காமலேயே உற்சாகமாக இருக்கும் குழந்தை, மறுநாள் மூன்று மணிக்குக் காரணமே இல்லாமல் தரையில் விழுந்து புரளும்.

பூங்காவின் நுழைவு விதியைப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கையான பொருத்தம் தெரிகிறது. வொண்டர்லாவில் குழந்தைகளின் சீட்டுக்கு வயது அளவுகோல் அல்ல, உயரமே அளவுகோல். 85 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையிலோ, இரண்டு வயது நிறைந்த ஆண் குழந்தையின் நடுமட்ட உயரம் 87.1 சென்டிமீட்டர், பெண் குழந்தையினுடையது 85.7 சென்டிமீட்டர். அப்படியானால் வாசலில் இலவசமாக உள்ளே அனுப்பப்படும் குழந்தைகள், பகல் தூக்கத்தை எந்த வகையிலும் தவிர்க்க முடியாத அதே வயதினர்தாம். அவர்கள் ஏறக்கூடிய சவாரிகளும் மிகக் குறைவு. ‘சின்னதுக்கு டிக்கெட் இல்லை’ என்று மகிழ்ந்து அழைத்துச் செல்லும் குடும்பத்தில் பெரியவர்களுள் ஒருவர், தாமும் கட்டணம் செலுத்தி உள்ளே வந்துவிட்டு, நாளின் பெரும்பகுதியை மரத்தடியில் குழந்தையோடு கழிக்க நேரும். இலவசம் என்பது இங்கே கணக்கில் வராத ஒரு செலவு.

தூங்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோனிக் லெபூர்ஜ்வா குழுவினர் இரண்டரை முதல் மூன்று வயதுக் குழந்தைகளின் முகபாவங்களை, அவர்கள் மதியம் தூங்கிய நாளிலும் தூங்காத நாளிலும் பதிவுசெய்து 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். தூக்கம் தவறிய நாளில், முடிக்கக்கூடிய புதிரை முடித்தபோது மகிழ்ச்சி 34 சதவீதம் குறைந்திருந்தது. முடிக்க முடியாத புதிரைக் கொடுத்தபோது எரிச்சல் 31 சதவீதம் கூடியிருந்தது. பத்துக் குழந்தைகளிடம் மட்டும் நடந்த சிறிய ஆய்வு என்பதால் இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், பணம் கட்டிச் சென்ற இடத்தில் குழந்தையின் அழுகை கூடுகிறது என்பதைவிட அதன் மகிழ்ச்சியே குறைகிறது என்னும் செய்தி பெற்றோர் கவனிக்க வேண்டியது.

இனி நாளின் கணக்குக்கு வரலாம். அதிகாலையிலேயே எழுப்பப்பட்ட குழந்தை, காலை எட்டு மணிவாக்கில் வண்டி புறப்பட்டதும் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் கண் அயர்ந்துவிடும். சந்தாபுரா, பொம்மசந்திரா நெரிசலில் ஹாரன் சத்தத்துக்கு விழித்துவிடும். இந்தப் பத்துப் பதினைந்து நிமிடக் கோழித்தூக்கம், சேர்ந்திருந்த தூக்க அழுத்தத்தில் ஒரு பகுதியைக் கரைத்துவிடுவதால், நண்பகலில் படுக்க வைத்தாலும் தூக்கம் வராமலும், விழித்திருக்கத் தெம்பு இல்லாமலும் குழந்தை தவிக்கிறது. சிறு குழந்தைகளின் ஒரு தூக்கச் சுழற்சி, அதாவது இலேசான உறக்கத்திலிருந்து ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்த் திரும்பும் ஒரு சுற்று, ஏறத்தாழ 50 முதல் 60 நிமிடம் நீள்வது. அதன் நடுவே எழுப்பப்பட்டால் தூக்க மந்தம் எனப்படும் சிடுசிடுப்பு சிறிது நேரம் நீடிக்கும். எனவே காலைப் பயணத்தில் செய்யக்கூடியது இரண்டில் ஒன்று. ஒன்றரை வயதுக்குக் கீழே இன்னும் இரண்டு முறை பகலில் தூங்கும் குழந்தை என்றால், அதன் முதல் தூக்கம் நைஸ் சாலையின் தடையற்ற ஓட்டத்தில் அமையும்படி புறப்படும் நேரத்தைச் சற்றுத் தள்ளி வைத்து, பூங்கா வாசலை அடைந்தபின்னும் ஒருவர் உடனிருக்க அது தானாக விழிக்கும் வரை விட்டுவிடலாம். ஒரே முறை தூங்கும் வயது என்றால் சன்னலைத் திறந்துவைத்து, லாரிகளையும் மேம்பாலத்தையும் காட்டிப் பேச்சுக் கொடுத்து, காலையில் விழித்திருக்கச் செய்வதே நல்லது. ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் எலெக்ட்ரானிக் சிட்டி உயர்மட்டச் சாலை இந்த வழியில் வராது. ஆனால் அதன் தொடக்கத்தைப் பார்க்கலாம், குழந்தைக்கு அது போதும்.

வண்டியில் தூங்கும் குழந்தையை மடியில், அதுவும் முன் இருக்கையில் வைத்துக்கொள்வது இங்கே வழக்கமாகிவிட்ட ஆபத்து. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்குட்பட்டவரைச் சீட் பெல்ட்டோ குழந்தைக்குரிய பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் அழைத்துச் செல்வோருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. இரு சக்கர வாகனத்தில் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஏற்றினால், ஓட்டுநருடன் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்கான ஹெல்மெட்டும் வேண்டும் என்றும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் கூறும் விதி 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. பைக்கில் அமர்ந்தபடியே தலை சாய்ந்து தூங்கும் குழந்தையோடு அறுபது கிலோமீட்டர் செல்வதை, விதி எதுவானாலும், பயணம் என்றே சொல்ல முடியாது.

பூங்காவுக்குள் நுழைந்தபின், பெரிய பிள்ளைகளின் அவசரத்துக்கு ஈடுகொடுத்து முதலில் நீர் விளையாட்டுக்குச் செல்வது பல குடும்பங்கள் செய்வது. குழந்தைக்கும் அதுவே ஏற்றது. ஏனெனில் தண்ணீரில் ஆடிய களைப்பும், அதன்பின் வயிறு நிறையச் சாப்பிட்ட சோறும் தூக்கத்தை அழைத்துவரும். ஆனால் ஈரத் துணியோடு யாரும் அயர்ந்து தூங்குவதில்லை. குளோரின் கலந்த தண்ணீர் போக நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, தலையைத் துவட்டி, வீட்டில் இரவில் போடும் பழகிய பருத்திச் சட்டையையே மாட்டி, ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி நிழலான புல்தரையில் படுக்க வைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியை ஒரு பழைய புடவை செய்யும். தூளியில் உறங்கிப் பழகிய குழந்தைக்குப் பூங்கா மரத்தில் தூளி கட்ட அனுமதி கிடைக்காமல் போகலாம். ஆனால் அந்தத் தூளிப் புடவையையே கொண்டுசென்று விரித்தால், அதன் மணமும் மென்மையும் தூங்கும் நேரம் வந்துவிட்டதைக் குழந்தைக்கு உணர்த்தும். இப்படித் தூக்கத்தோடு இணைந்துவிட்ட பொருளையும் பழக்கத்தையும் மருத்துவர்கள் தூக்கத் துணைகள் என்பர். தோளில் போட்டு மெல்ல ஆட்டுவதும் வெறும் பழக்கமல்ல: ஜெனீவாவில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஆடும் கட்டிலில் படுத்த பெரியவர்கள்கூட அசையாக் கட்டிலில் படுத்ததைவிட விரைவில் உறங்கினர். மதிய உணவுக்குப்பின் படுக்க வைக்கப்பட்டுப் பழகிய அங்கன்வாடிக் குழந்தைகளுக்குச் சத்தத்தின் நடுவே தூங்குவது அவ்வளவு கடினமல்ல. ஆகவே அங்கன்வாடியின் நேரத்தையே பூங்காவிலும் பின்பற்றலாம்.

தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தைக்கு வெயில் படாமலிருக்க மேலே துண்டு போட்டு மூடுவது தவறு. காற்றோட்டம் நின்று உள்ளே வெப்பம் ஏறும். உடல் எடையோடு ஒப்பிடத் தோல் பரப்பு மிகுந்த குழந்தைகள் பெரியவர்களைவிட விரைவில் சூடேறுவர். தூக்கத்தைக் கலைக்க மனமில்லாமல் நிறுத்துமிடத்தில் காருக்குள் குழந்தையை விட்டுச் செல்வதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது: மூடிய காரின் வெப்பநிலை பத்தே நிமிடத்தில் 11 டிகிரி செல்சியஸ் வரை உயரக்கூடும். பயணத்தில் தூங்கட்டும் என்று சளி மருந்தில் ஒரு மூடி ஊற்றிக் கொடுக்கும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. அத்தகைய சிரப்புகளில் பரவலாக இருக்கும் குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் கூட்டு மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்து, அந்த எச்சரிக்கையைப் புட்டியில் அச்சிடவும் பணித்தது.

திரும்பும் பயணத்தில் மாலை ஆறரைக்குத் தூங்கிவிடும் குழந்தை, அன்றிரவு பன்னிரண்டு வரை விழித்திருப்பதில் வியப்பில்லை. நண்பகலில் ஒரு மணி நேரமாவது தூங்கியிருந்தால் மட்டுமே அந்த மாலைத் தூக்கத்தைப் பேச்சுக் கொடுத்துத் தள்ளிப்போட முடியும். இதே மாலையில் இன்னொருவரின் தூக்கமும் கணக்கில் வர வேண்டும். இரவு ஷிப்ட் முடித்துக் காலை 6 மணிக்குத் தொழிற்சாலை வாசலைத் தாண்டி வந்து, எட்டு மணிக்கு ஸ்டீயரிங் பிடிக்கும் தந்தையின் தூக்க அழுத்தம் குழந்தையினுடையதற்குச் சற்றும் குறைந்ததல்ல. தூக்கக் கலக்கத்தால் நேரும் விபத்துகள் அதிகாலையிலும், பிற்பகல் இரண்டுக்கும் நான்குக்கும் இடையிலும் கூடுவது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. குழந்தை தூங்கும் மதிய வேளையில் அவரும் அதே மரத்தடியில் தூங்க வேண்டும். அதற்கு மனமில்லை என்றால் பயணத்தையே வேறொரு நாளுக்கு மாற்ற வேண்டும்.

மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை மட்டுமே உள்ள குடும்பத்துக்குப் பிடதி இன்னும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்கலாம். ஆனேக்கல், ஜிகணி வழியாக ஓசூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவில் காலையிலேயே விலங்குகளையும் 2006இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவையும் பார்த்துவிட்டு, மதியத் தூக்கத்துக்கு வீடு திரும்பிவிட முடியும். கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்குக் கே.ஆர்.பி. அணைப் பூங்கா இன்னும் பக்கம். பன்னேர்கட்டாவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வார ஓய்வு அந்த நாளில் வரும் தொழிலாளர்கள் அதைப் பார்த்துக்கொண்டு புறப்பட வேண்டும்.