பெரியப்பாவின் ஒற்றை வரி

பெரியப்பாவின் வாடகை நூல் நிலையத்தில் நீளமான பேரேடு ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒரு வரி. இடது ஓரத்தில் பெயர். பின்னால், எடுத்துப்போன புத்தகங்கள் காற்புள்ளி போட்டு வரிசையாக. வரி நிரம்பினால் இடுக்கில் பென்சிலால் பொடியாக எழுதுவார். அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிய புண்ணியவான் நான். முதல் பிரிண்டைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்ப்பா, டீச்சரம்மா ஒரு ஆளுதானே? இங்க 26 தடவை வர்றாங்களே!"

டேட்டாபேஸ் அப்படித்தான். ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு. 1970-இல் ஐபிஎம்மின் எட்கர் காட் வகுத்த ஒழுங்கு. 26 தலைப்புகளையும் ஒரே கட்டத்தில் திணித்தால், 'சிவகாமியின் சபதம்' யார் யார் கைக்குப் போனது என்று தேடும்போது திண்டாட்டம்தான். வைக்கும்போது தனித்தனியாக வைத்து, காட்டும்போது மட்டும் கோக்க வேண்டும். டேட்டாபேஸிடம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் அதற்கு வழி இருக்கிறது.

முதலில் பெயர். இன்ஷியல் ஒரு பத்தி, பெயர் இன்னொன்று. இரண்டையும் ஒட்ட, நடுவில் இரண்டு செங்குத்துக் கோடு போடுவது எஸ்கியூஎல்லின் பொது இலக்கணம். போட்டேன். பலர் பெயருக்குப் பதில் பூஜ்யம் வந்தது! நான் வைத்திருந்த டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லில் அந்தக் கோடுகளுக்கு, மாற்றிச் சொல்லாதவரை, 'அல்லது' என்று பொருள். கான்கேட் என்று எழுதினேன். இப்போது சிலர் பெயரே காணோம். இன்ஷியல் நிரப்பாதவர்கள். அங்கே இருப்பது வெற்றிடம் அல்ல, 'நல்', அதாவது 'தெரியாது'. தெரியாததோடு எதை ஒட்டினாலும் விடை தெரியாது என்பது அதன் நியாயம். (ஆரக்கிள் என்ற இன்னொரு டேட்டாபேஸ் இந்த விஷயத்தில் தாராளம், நல்லைக் கண்டுகொள்ளாது.) இடையில் வரவேண்டிய புள்ளியை முதலிலேயே கொடுத்துவிட்டால், நல்லைத் தாண்டிப்போகும் கான்கேட்-டபிள்யூஎஸ் என்னைக் காப்பாற்றியது.

அடுத்து வரிசைகள். உறுப்பினர் எண்ணை வைத்து 'குரூப் பை', தலைப்புகளுக்கு 'குரூப்-கான்கேட்'. 26 வரி ஒன்றாகச் சுருண்டது. உள்ளேயே 'ஆர்டர் பை' போட வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் புத்தகம் முன்னே வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதே வேலைக்கு ஆரக்கிளில் லிஸ்ட்ஆக், போஸ்ட்கிரெஸ்ஸில் ஸ்ட்ரிங்-ஆக். எஸ்கியூஎல் சர்வருக்கு இது 2017 பதிப்பில்தான் வந்தது. அதுவரை எக்ஸ்எம்எல் வழியாகத் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டார்கள்.

பெருமையோடு இரண்டாவது பிரிண்டை நீட்டினேன். டீச்சரம்மா வரியின் கடைசியில் விரலை வைத்தார். "பொன்னியின் ச... இது என்ன ச?"

குரூப்-கான்கேட் தானாகத் தருவது 1,024 பைட்தான். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்குக் குறி ஒன்றுக்கு 3. 'செ' என்பது சகரமும் கொம்புமாக இரண்டு குறி, 6 பைட். ஏறக்குறைய 340 குறியில் இடம் தீர்ந்து, கொம்பு வெளியே நின்றுவிட்டது. ஓர் எச்சரிக்கை வந்திருக்கும், நான்தான் பார்க்கவில்லை. குரூப்-கான்கேட்-மேக்ஸ்-லென் என்ற அளவைக் கூட்டினால் தீர்ந்தது.

கூட்டிவிட்டுத் திரும்பினேன். பெரியப்பா அதற்குள் பென்சிலை எடுத்து, அந்த 'ச'வுக்குக் கொம்பு போட்டு, மீதியை இடுக்கில் பொடியாக எழுதிக்கொண்டிருந்தார்.